அச்சகத்தின் ஆர்டர் நோட்டை இணையதளப் படிவமாக மாற்றுவது எப்படி?

எங்கள் அச்சகத்தின் முன்மேசையில் நீளவாக்கில் பைண்டிங் செய்த ஆர்டர் நோட்டு ஒன்று எப்போதும் திறந்தபடியே கிடக்கும். வாடிக்கையாளர் உள்ளே வந்து "ஐந்நூறு விசிட்டிங் கார்டு வேணும்" என்று சொன்னதும், மேசையில் இருக்கும் பெரியவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒரு பக்கமா ரெண்டு பக்கமா அண்ணாச்சி? பழைய கார்டு கையில இருக்கா? மேட்டா, பளபளன்னு இருக்கணுமா? என்னைக்கு வேணும்?" என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொரு விடையையும் அதற்குரிய கட்டத்தில் எழுதிவிடுவார். இரண்டு நிமிடத்தில் முடியும் அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல ஆண்டுகள் பட்ட அடி இருக்கிறது. எதைக் கேட்காமல் விட்டால் அச்சுத் தகடான பிளேட் வீணாகும், எதைக் கேட்காமல் விட்டால் கட்டிங்கில் எழுத்து வெட்டுப்படும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இணையதளத்தில் வைக்கும் ஆர்டர் படிவம் செய்ய வேண்டியது அந்தப் பெரியவரின் வேலையைத்தான்.

நாங்கள் முதன்முதலில் தளம் அமைத்தபோது இது எங்களுக்கு உறைக்கவில்லை. வடிவமைத்துக் கொடுத்தவர் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், செய்தி என்று நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போனார். அதன் வழியே வந்த முதல் ஆர்டர், "நோட்டீஸ் அடிக்கணும், ரேட் சொல்லுங்க" என்ற ஒற்றை வரி. அளவு, தாள், எண்ணிக்கை, நிறம், தேதி என்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஐந்து முறை தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. நேரில் வந்திருந்தால் ஒரே பேச்சில் முடிந்திருக்கும். ஆகவே எந்த மென்பொருள், எந்தச் செருகுநிரல் (பிளக்-இன்) என்று தேடுவதற்கு முன்னால், கடந்த மூன்று மாதத்து ஜாப் கார்டுகளை (ஆர்டர் விவரம் எழுதிய வேலைச் சீட்டுகளை) எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த ஆர்டருக்கு வாடிக்கையாளரைத் திரும்ப அழைக்க நேர்ந்தது, எதைக் கேட்பதற்காக அழைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் படிவத்தின் முதல் வரைவு அந்தத் தாள்தான்.

ஒரு வேலைக்கு ஒரு படிவம்

எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே படிவம் என்பது யாருக்குமே பொருந்தாத சட்டை போன்றது. விசிட்டிங் கார்டு கேட்பவரிடம் பைண்டிங் வகையையும், பில் புக் கேட்பவரிடம் லேமினேஷனையும் கேட்டால், அவர் பாதியிலேயே மூடிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அடிக்கடி வரும் நான்கைந்து வேலைகளுக்கு மட்டும் தனித்தனிப் படிவம் வையுங்கள். எங்களுக்கு அவை விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், பில் புக், திருமண அழைப்பிதழ் ஆகிய நான்கு. புத்தகம், அட்டைப்பெட்டி, மலர் போன்ற பெரிய வேலைகளுக்கு விலைப்புள்ளி கோரும் எளிய படிவம் ஒன்று போதும். அவற்றை எந்தப் படிவமும் முழுமையாகக் கேட்டு முடிக்காது, டம்மியை (மாதிரியை) கையில் வைத்துக்கொண்டு பேசித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்த எளிய படிவத்தில்கூட, தாள்களை நடுவில் மடித்துச் சென்டர் பின் அடிக்கும் சிறு புத்தகமாக இருந்தால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதைப் படிவமே சரிபார்த்து, 30 என்று போட்டவரிடம் 28-ஆ 32-ஆ என்று கேட்டுவிடுவது நல்லது. காலண்டருக்கு ஆண்டு முழுவதும் படிவம் திறந்திருக்கத் தேவையில்லை. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் வழக்கத்தை ஒட்டி, ஆடியில் திறந்து மார்கழித் தொடக்கத்தில் மூடிவிட்டால் வீண் விசாரணைகள் குறையும்.

விசிட்டிங் கார்டுப் படிவம் எளிமையானது என்பதால் அதிலிருந்தே தொடங்குங்கள். அளவைக் கேட்கும் இடத்தில் வெற்றுப் பெட்டி வைக்காமல், நம் ஊர் வழக்கமான 3.5க்கு 2 அங்குலத்தை முன்கூட்டியே தேர்வாகி இருக்கும்படி வைத்து, வேறு அளவு வேண்டுபவர் மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். தாளைப் பற்றிக் கேட்கும்போது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் போர்டு என்று மட்டும் எழுதினால் நமக்குப் புரியும், வாடிக்கையாளருக்குப் புரியாது. "கெட்டி அட்டை, 300 ஜிஎஸ்எம், எளிதில் மடங்காது" என்று எழுதி, விரல்களுக்கு நடுவே அட்டையைப் பிடித்திருக்கும் ஒரு படத்தையும் வைத்தால் புரிந்துவிடும். எண்ணிக்கையையும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். 500, 1000, 2000 என்று தேர்ந்தெடுக்கவே விடுங்கள். ஆஃப்செட்டில் பிளேட் போடுவதும் இயந்திரத்தை நிலைப்படுத்துவதும் நூறு கார்டுக்கும் ஆயிரம் கார்டுக்கும் ஒரே செலவுதான் என்பதால், 150 என்று ஒருவர் போட்டுவிட்டு விலையைப் பார்த்து மிரண்டு ஓடுவதைவிட, 500-க்கும் 1000-க்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதை அருகருகே காட்டுவது இரு தரப்புக்கும் நல்லது. நூற்றுக்கும் குறைவாகக் கேட்பவர்களுக்கு டிஜிட்டல் அச்சு என்ற தனித் தேர்வை வையுங்கள்.

பில் புக்: எண்களில்தான் கவனம்

ஒருமுறை பழைய வாடிக்கையாளர் ஒருவர் 20 பில் புத்தகங்கள் கேட்டுப் படிவம் அனுப்பியிருந்தார். தொடக்க எண் என்ற பெட்டி கட்டாயமானதாக இல்லாததால் அதை அவர் காலியாக விட்டுவிட்டார். நம்பரிங் செய்தவர் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டார். அந்தக் கடையில் அதே நிதியாண்டில் ஒன்று முதல் ஆயிரம் வரை ஏற்கெனவே பில் போட்டாகிவிட்டது. ஜிஎஸ்டி விதிகளின்படி பில்லின் வரிசை எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துகளுக்கு மேல் போகவும் கூடாது. இருபது புத்தகங்களும் கழிவுத்தாள் கட்டுக்குப் போயின. தவறு அவருடையதா எங்களுடையதா என்ற பேச்சு அரை நாள் நடந்தது. என் கணக்கில் தவறு அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்காத எங்களுடையதுதான்.

இப்போது எங்கள் படிவம் புத்தகங்கள் எத்தனை, ஒரு புத்தகத்தில் எத்தனை பில், ஒரு பில்லுக்கு எத்தனை பிரதி, தொடக்க எண் என்ன என்ற நான்கையும் கேட்டுவிட்டு, முடியும் எண்ணைத் தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. 20 புத்தகம், புத்தகத்துக்கு 50 பில், தொடக்கம் 1001 என்று போட்டால், "உங்கள் பில்கள் 1001 முதல் 2000 வரை அச்சாகும்" என்ற வரி கீழே தோன்றும். அந்த ஒரு வரியைப் படிக்கும்போதே பெரும்பாலானவர்கள் தங்கள் பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிரதிகளைப் பொறுத்தவரை, சரக்கு விற்பவர்களுக்கு வாங்குபவர், வண்டி, கடை என மூன்றும், சேவை வழங்குபவர்களுக்கு இரண்டும் தேவை என்பதால், "நீங்கள் சரக்கு விற்கிறீர்களா, சேவை வழங்குகிறீர்களா" என்று கேட்டுவிட்டு, விடைக்கேற்ப மூன்றையோ இரண்டையோ பரிந்துரைக்கும்படி வைத்தோம். எந்தப் பிரதி எந்த நிறம், எந்தத் தாளில் கிழிப்பதற்குப் பர்ஃபரேஷன் வேண்டும் என்பதைச் சொற்களில் விளக்காமல், பில் புத்தகத்தின் படத்தைப் போட்டு அதன் மேலேயே தேர்ந்தெடுக்க விட்டால் குழப்பமே வராது.

ஜிஎஸ்டி எண்ணை வெறும் எழுத்துப் பெட்டியாக விட்டுவிடுவது பெரிய கவனக்குறைவு. அது எப்போதும் எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் நிறுவனத்தின் பான் எண். கடைசி இடத்தில் இருப்பது முன்னால் உள்ள பதினான்கிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. இந்த அமைப்பைச் சரிபார்க்கும் சிறு நிரலை உங்கள் தள வடிவமைப்பாளர் அரை மணி நேரத்தில் எழுதிவிட முடியும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைப் போட்டு அனுப்பிய எண், ஆயிரம் பில்லிலும் அச்சாகிப் போனால் அதைத் திருத்த வழியே இல்லை.

திருமண அழைப்பிதழ்

அச்சகத்துக்கு வரும் வேலைகளிலேயே படிவத்துக்கு மிகக் கடினமானது இதுதான், ஏனென்றால் இங்கே பிழை என்பது காசு நட்டத்தோடு நிற்பதில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா பெயருக்கு முன்னால் இருக்கும் முதலெழுத்து மாறிப்போனால், அந்தக் கோபம் அடுத்த தலைமுறை வரை போகும். எனவே அழைப்பிதழின் முழு வாசகத்தையும் ஒரே பெரிய பெட்டியில் ஒட்டச் சொல்லாமல், மணமகன், மணமகள், இரு வீட்டுப் பெற்றோர், தாத்தா பாட்டி, நாள், நேரம், இடம், அழைப்பவர்கள், தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றத்தார் என்று பகுதி பகுதியாகக் கேளுங்கள். முதலெழுத்தையும் பட்டப்படிப்பையும் பெயரோடு சேர்க்காமல் தனிப் பெட்டிகளில் வாங்குங்கள்; சேர்த்து எழுதும்போதுதான் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறுகின்றன. உறவினர் பெயர்களின் வரிசையை அவர்கள் கொடுத்தபடியே வைப்போம், நாங்களாக மாற்ற மாட்டோம் என்று ஒரு குறிப்பையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த வரிசைக்குப் பின்னால் எத்தனை பேச்சுவார்த்தை நடந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது.

நாளைக் கேட்கும்போது ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ் ஆண்டு, தமிழ் மாதம், தமிழ்த் தேதி, முகூர்த்த நேரம் என்று ஆறு விவரங்கள் தேவைப்படும். இவற்றில் கிழமையை மட்டும் படிவம் தானே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும். 2026 ஜனவரி 28 என்று தேதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வியாழக்கிழமை என்று குறித்தால், "அன்று புதன்கிழமை, தேதி சரியா, கிழமை சரியா?" என்று படிவம் அங்கேயே நிறுத்திக் கேட்கட்டும். தமிழ்த் தேதியையும் கணினியே போட்டுவிடட்டும் என்று ஆசைப்படாதீர்கள். மாதப் பிறப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின்னாக மாறும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வேறுபாடு வருவதும் உண்டு. அதைப் பெண் வீட்டார் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்களோ அதன்படியே எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. முகூர்த்த நேரத்துக்கு "காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்" என்ற வாய்பாட்டை முன்கூட்டியே அச்சிட்டு, எண்களை மட்டும் நிரப்ப விட்டால் போதும்.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். வாடிக்கையாளர் கைப்பேசியில் தட்டச்சு செய்வது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில். பக்கம் வடிவமைக்கும் நம் டிடிபி அறைகளிலோ 7.0-ஆவது பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கரும், பழைய குறியீட்டுத் தமிழ் எழுத்துருக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1999-இல் டாம், டாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்த தமிழக அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. அச்சகங்கள் பல இன்னும் மாறவில்லை. படிவத்தில் வந்த வாசகத்தை மாற்றிக் கருவியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுவரும்போது சில எழுத்துகள் காலை வாரிவிடும். "ஸ்ரீ" என்பதை யூனிகோடில் இரண்டு வகையாக எழுத முடியும், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம்; மாற்றிக் கருவிக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கும், மற்றொன்று வந்தால் குப்பை எழுத்தாகிவிடும். "கொ" என்பதைக் "கெ" போட்டுப் பின்னால் துணைக்கால் சேர்த்து எழுதியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. "ஔ"-வுக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பவர்களும் ஏராளம்; ஔவையார் பெயரில் இருக்கும் ஒரு தெருவே இப்படித்தான் "ஒளவையார் தெரு" ஆகி எங்கள் புரூஃபுக்கு (பிழை பார்க்கும் படிக்கு) வந்து சேர்ந்தது. படிவத்தின் பின்னணியில், வரும் வாசகத்தை ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கும் ஒரு படியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நிரல் எழுதுபவர்கள் இதை நார்மலைசேஷன் என்பார்கள். அது "கொ" சிக்கலைத் தீர்த்துவிடும். "ஸ்ரீ"-யையும் "ஔ"-வையும் அது தொடாது, அவற்றுக்குத் தனியே தேடி மாற்றும் விதி எழுத வேண்டும். இந்த வில்லங்கமே வேண்டாம் என்றால் யூனிகோடு தமிழைக் கையாளும் புதிய வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறிவிடுவதுதான் வழி. நாங்கள் அழைப்பிதழுக்கு மட்டும் மாறிவிட்டோம்.

எண்ணிக்கை கேட்கும் இடத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள்: வீடுகளை எண்ணுங்கள், அதன் பிறகு ஐம்பது சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் "அவசரமா இன்னும் அம்பது வேணும்" என்று வருபவர்களிடம் மறுபடி பிளேட் போட்ட செலவைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். சிவகாசி ஆயத்த அட்டைகளை வாங்கி வாசகத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பவராக இருந்தால், அட்டையின் படத்தோடு மாடல் எண்ணையும் இருப்பு எண்ணிக்கையையும் காட்டுங்கள். தீர்ந்துபோன மாடலைப் படிவத்தில் விட்டுவைப்பது, இல்லாத இட்லிக்குப் பலகை வைப்பது போன்றது.

கோப்பு ஏற்றும் பெட்டி

படிவங்கள் சத்தமில்லாமல் தோற்பது இந்த இடத்தில்தான். பெரும்பாலான தளங்கள் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியில், ஒரு கோப்பின் உச்ச அளவு 2 எம்பி என்றும், முழுப் படிவத்தின் உச்ச அளவு 8 எம்பி என்றும் முன்னமைவு இருக்கிறது. வேர்ட்பிரஸ் தளங்களில் பலரும் பயன்படுத்தும் கான்டாக்ட் ஃபார்ம் 7 செருகுநிரலிலோ அது இன்னும் சிறியது, 1 எம்பி. அச்சுக்குத் தயாரான ஒரு நோட்டீஸின் பிடிஎஃப் 30, 40 எம்பி இருப்பது சாதாரணம். முழுப் படிவத்தின் வரம்பைத் தாண்டிவிட்டால், கோப்பு மட்டுமல்ல, வாடிக்கையாளர் நிரப்பிய பெயரும் எண்ணும்கூடச் சர்வருக்கு வெறுமையாகவே வந்து சேரும். அவர் ஆர்டர் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டு இரண்டு வரம்புகளையும் உயர்த்துங்கள். படிவத்தின் வரம்பு கோப்பின் வரம்பைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிய கோப்புகளுக்கு, கூகுள் டிரைவ் இணைப்பை ஒட்டும் பெட்டி ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

கூகுள் ஃபார்ம்ஸிலேயே முழுப் படிவத்தையும் அமைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொடங்கிப் பார்ப்பதற்கு அது நல்ல வழிதான், செலவும் இல்லை. ஆனால் கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் நிரப்புபவர் தம் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். ஏறும் கோப்புகளும் உங்கள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தைத் தின்னும். ஒரு மாதம் அதை வைத்து ஓட்டி, எந்தக் கேள்வி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்துவிட்டுச் சொந்தப் படிவத்துக்கு மாறுவது என் பரிந்துரை.

கோப்பு வந்தால் மட்டும் போதாது. அது அச்சுக்குத் தகுதியானதா என்பதை ஏற்றும்போதே ஓரளவு சொல்லிவிட முடியும். படமாக ஏற்றினால் அதன் பிக்சல் அளவைப் படிவம் படித்துப் பார்க்கலாம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3.5க்கு 2 அங்குலக் கார்டுக்குக் குறைந்தது 1050க்கு 600 பிக்சல் வேண்டும், ஏ4 நோட்டீஸுக்கு 2480க்கு 3508 வேண்டும். அதைவிடச் சிறியதாக இருந்தால் "படம் மங்கலாக அச்சாகும்" என்று எச்சரித்துவிட்டு, தடுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சிலரிடம் அந்த ஒரு படம்தான் இருக்கும். வாட்ஸ்ஆப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே வரும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். நான்கு பக்கமும் 3 மிமீ ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே கூடுதல் ஓரம்) விட வேண்டும் என்பதை வெட்டுக்கோடு போட்ட ஒரு படமாகக் காட்டி, அதே கோட்டோடு கூடிய வெற்று வார்ப்புருக்களைத் தரவிறக்க வையுங்கள். திரையில் ஆர்ஜிபியில் மின்னும் நீலமும் கிளிப்பச்சையும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சில் அடங்கித்தான் வரும். அச்சான தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு புகைப்படம், பத்து வரி விளக்கத்தைவிட வாடிக்கையாளருக்கு நன்றாகச் சொல்லும். கோரல்டிரா கோப்புகளை ஏற்றுக்கொள்பவர்கள், எழுத்துகளை கர்வ்ஸாக (கோட்டு வடிவங்களாக) மாற்றி அனுப்பும்படி கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் கணினியில் இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும்.

ஏறிய கோப்புக்கு ஆர்டர் எண்ணையே பெயராகச் சூட்டும்படி அமையுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்று மூன்று கோப்புகள் வந்து, நடுவில் உள்ளது அச்சுக்குப் போன கதை ஒவ்வோர் அச்சகத்திலும் இருக்கும். பாதுகாப்புக்காக, பிடிஎஃப், ஜேபெக், டிஃப் போன்ற குறிப்பிட்ட வகைகளைத் தவிர மற்றவற்றைத் தடுத்துவிட்டு, கோப்புகளை இணையத்தில் நேரடியாகத் திறக்க முடியாத கோப்புறையில் சேமிக்கச் சொல்லுங்கள். அழைப்பிதழ் ஆர்டரில் ஒரு குடும்பத்தின் பெயர்களும் முகவரியும் எண்களும் மொத்தமாக இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவை தீர்ந்த பின் அவற்றை அழித்துவிடுவதே முறை.

விலை, வரி, முன்பணம்

நிலையான வேலைகளுக்கு விலையைத் தளத்திலேயே காட்டிவிடுங்கள். போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்று தயங்குபவர்கள், அவர் ஏற்கெனவே ஆள் விட்டு விசாரித்திருப்பார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தாள் விலை ஏறி இறங்குவதால், "இந்த விலை ஏழு நாளுக்குச் செல்லும்" என்ற வரி அவசியம். வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். புத்தகம் விற்பதற்கும் பதிப்பாளருக்காகப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பதற்கும்கூட வேறுபாடு உண்டு. எனவே ஒவ்வொரு வேலைக்கும் என்ன விகிதம் என்று உங்கள் ஆடிட்டரிடம் எழுதி வாங்கி, அதை நிரலுக்குள் புதைக்காமல் நீங்களே மாற்றக்கூடிய ஓர் அமைப்புப் பக்கத்தில் வையுங்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, நிரலுக்குள் எழுதி வைத்தவர்கள் தள வடிவமைப்பாளரைத் தேடி அலைந்தார்கள். வெளிமாநில முகவரி என்றால் ஐஜிஎஸ்டி, உள்மாநிலம் என்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் என்று பிரித்துப் போடுவதையும் படிவமே செய்துவிடலாம். முன்பணத்துக்கு யுபிஐ போதுமானது; ஆனால் வெறும் க்யூஆர் படத்தைப் போட்டுவிட்டால் எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு வந்தது என்று இரவில் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். ஆர்டர் எண்ணோடு பணத்தை இணைத்துத் தரும் பேமென்ட் கேட்வே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புரூஃப் ஒப்புதல்

ஆர்டர் படிவத்தைப் போலவே முக்கியமான இன்னொரு சிறு படிவம் உண்டு, அதைப் பலரும் அமைப்பதில்லை. புரூஃபைத் தனிப் பக்கத்தில் காட்டி, கீழே "அச்சிடலாம்", "திருத்தம் உண்டு" என்று இரண்டே பொத்தான்கள் வையுங்கள். முதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பெயர்கள், தேதி, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் படித்துப் பார்த்ததாக ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறியிட வேண்டும். ஒரே குறியாக வைத்தால் படிக்காமலே தட்டிவிடுவார்கள். மூன்றாக இருந்தால் இரண்டாவதிலாவது கண் நின்று பார்க்கும். அழுத்திய நாளும் நேரமும் ஆர்டரோடு பதிவாக வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வரும் கட்டைவிரல் படத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது புரூஃபுக்கா, "அனுப்பிவிட்டோம்" என்ற செய்திக்கா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. டெலிவரி நாள், ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து அல்லாமல் ஒப்புதல் வந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பதை இரண்டு படிவங்களிலும் எழுதி வைத்தால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தேர்தல் காலத்துக்கென்று ஒரு கேள்வியை நோட்டீஸ் படிவத்தில் நிரந்தரமாகவே வைத்திருங்கள்: "இது தேர்தல் தொடர்பானதா?" ஆம் என்று விடை வந்தால் படிவம் அங்கேயே நின்று, நேரில் வரச் சொல்ல வேண்டும். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்; வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதிகள் அச்சகத்துக்கு வந்து சேர வேண்டும்; அச்சான பிறகு அதன் ஒரு பிரதியையும் உறுதிமொழியின் பிரதியையும் மாநிலத் தலைநகரில் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், மற்ற ஊர்களில் மாவட்ட நடுவரான ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் பணம் கட்டிவிட்டார் என்பதற்காக இந்த வேலையை இயந்திரத்தில் ஏற்றிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அச்சக உரிமையாளர்தான்.

படிவம் அனுப்பும் மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். சர்வரிலிருந்து நேரடியாகப் போகும் அஞ்சல்கள் பெரும்பாலும் ஸ்பாமில் விழும். முறையான எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும்) கணக்கின் வழியே அனுப்பச் செய்வதோடு, ஒவ்வோர் ஆர்டரும் தரவுத்தளத்திலும் பதிவாக வேண்டும். வாடிக்கையாளருக்கு ஆர்டர் எண் திரையிலேயே தெரிய வேண்டும். பிறகு விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியில், வெயிலில் நின்றுகொண்டு, ஒரு கையால் நிரப்பிப் பாருங்கள். எண் கேட்கும் பெட்டியில் எண் விசைப்பலகை திறக்கிறதா, நடுவில் அழைப்பு வந்து போனால் நிரப்பியது அப்படியே இருக்கிறதா என்பதை அப்போதுதான் அறிய முடியும்.

கடைசியாக, வந்த ஆர்டரை ஏ5 அளவில் ஜாப் கார்டாக அச்சிடும் பொத்தான் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இயந்திர அறையில் மை படிந்த கையோடு யாரும் திரையைத் தொட மாட்டார்கள். அந்தக் கார்டில் முதலில் ஆர்டர் எண், அடுத்து தாள், அளவு, நிறம், எண்ணிக்கை, பிறகு கட்டிங், லேமினேஷன், பைண்டிங், கடைசியில்தான் வாடிக்கையாளர் பெயர் என்று வேலை நகரும் வரிசையிலேயே விவரங்கள் இருக்கட்டும். படிவத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால், பொய்யாக ஒரு பத்து ஆர்டர் போட்டு, அச்சான ஜாப் கார்டுகளை மெஷின் மேனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு கார்டைப் படித்துவிட்டு அவர் நிமிர்ந்து உங்களிடம் ஏதாவது கேட்டாரென்றால், அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் போய்ப் படிவத்தில் சேர்த்துவிட்டு மறுபடி வாருங்கள். எங்கள் பில் புக் படிவத்தில் "எண் சிவப்பிலா கறுப்பிலா" என்ற பெட்டி வந்தது அப்படித்தான்.